பெயர்தலும் பெயரும்

தமிழில் ‘பெயர்’ என்னும் சொல் இரண்டு வேலைகளைச் செய்கின்றது. ஒருவனை அழைத்தற்கு உரியதும் பெயர். ஓரிடம் விட்டு வேறிடம் நீங்குதலும் பெயர்தல். இரண்டுக்கும் வேர் ஒன்றா, வேறா என்னும் ஆராய்ச்சியை மொழிநூலாரிடம் விட்டுவிடலாம். ஊர் விட்டு ஊர் சென்று வாழ்ந்தவர்களுக்கு மட்டும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லுள் அடங்கியிருப்பது தற்செயலாகத் தோன்றாது. பெயர்கின்றவன் தன் பாயையும் பானையையும் தூக்கிச் செல்லலாம். தன் பெயரைத் தூக்கிச் செல்ல முடியுமா? ‘இன்னார் மகன், இன்ன தொழில் வல்லவன், வாங்கிய கடனைத் திருப்பித் தருபவன்’ என்று நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த பெயர், பழைய ஊரின் எல்லையிலேயே நின்றுவிடுகின்றதே, அதற்கு என் செய்வது?

புதிய நகருக்குக் குடிபெயர்வோர் முன்னதாக அறிந்துகொள்ள வேண்டுவன யாவை என்று கேட்டால், வீட்டு வாடகையையும் பேருந்துத் தடத்தையும் பிள்ளைகளுக்கான பள்ளியையும் தண்ணீர் வசதியையும் பலர் எடுத்துரைப்பர். இவை வேண்டாதவை என்று எவரும் கூறார். ஆயினும் இவையெல்லாம் போய்ச் சேர்ந்த ஒரு திங்களுக்குள் தாமே தெரிந்துவிடும். அவ்வாறு தாமாகத் தெரியாததும், தெரியாமற்போனால் உயிருக்கே இடர் விளைவிப்பதும் ஒன்று உண்டு. ‘இவரை நான் அறிவேன்’ என்று அந்நகரில் நமக்காகச் சொல்லக்கூடியவர் யார் என்பதே அது.

இதனை இளங்கோவடிகளைப் போல் தெளிவாக உணர்த்தியவர் தமிழில் வேறு எவரும் இலர். புகார் நகரிலே மாசாத்துவான் மகன் என்றால் அறியாதார் இல்லை. மதுரையிலோ அவன் காலில் புழுதி படிந்த ஒரு வழிப்போக்கன். ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு நகருக்குள் செல்லும்போது, அங்குள்ள வணிகர்களுக்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகச் சொல்லித்தான் கோவலன் புறப்படுகின்றான். நோக்கம் சரியானதே. உள்ளே போனவன் செய்தது யாது? மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி என ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்து, அந்நகரின் சிறப்பை வியந்தவனாய்த் திரும்பி வருகின்றான். எந்த வணிகனையும் கண்டு, தான் இன்னான் என்று சொன்னதாகக் காப்பியம் பேசவில்லை. நாமோ வகுப்பறையில் இக்காதையை ‘நகர வருணனை’ என்ற தலைப்பின்கீழ் அடக்கி, தெருக்களின் பெயர்களை மனனம் செய்யச் சொல்கின்றோம். சொல்லிவிட்டுப் போன வேலையை அவன் செய்யாமல் வந்தான் என்பதைப் பற்றித் தேர்வில் வினா வந்ததாக எனக்கு நினைவில்லை.

பின்னர்ச் சிலம்பு விற்கத் தனியே சென்றவனைப் பொற்கொல்லன் எதிர்கொண்டான். ‘கள்வன்’ என்று அவன் சொன்ன ஒரு சொல்லை மறுத்து, ‘இல்லை, இவன் மாசாத்துவான் மகன்’ என்றுரைக்க அக்கடைத்தெருவில் எவர் இருந்தார்? கொல்ல வந்தவர்களே அவன் தோற்றம் கண்டு ஐயுற்றார்கள். வெறும் ஐயத்தால் ஓருயிரைக் காக்க இயலவில்லை. சிலம்பு அவனுடையது, உள்ளே இருந்தது மாணிக்கம். உண்மை முழுவதும் அவன் பக்கம் இருந்தது. அதற்குச் சாட்சி மட்டும் இல்லை.

மதுரையை விட்டு நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். கோவலன் தானே துணிந்து ஊர்விட்டுப் புறப்பட்டவன். நம்மவருள் பலர் அவ்வாறு புறப்பட்டவரல்லர். அவர்கள் விட்டு வந்தது எத்தகைய இடம் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் அவ்வூரில் முதுமரமாய் நிற்கின்றது. அதன் இனம் பெருகிக் காடாகி, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சித்தியவான், பாகான் டத்தோ என்று மாநிலம் எங்கும் பரந்தபோது, அக்காட்டைத் திருத்தவும் பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொணரப்பட்டனர். கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே திரட்டிக் கப்பலேற்றினான். 1938-ல் இந்திய அரசு அவ்வாறான ஆட்சேர்ப்பைத் தடை செய்தது. அதற்குள் தோட்டம் ஒரு தனி உலகமாகிவிட்டது. வேலை, லயத்து வீடு, மருந்தகம், ஆயாக் கொட்டகை, கடை, கோயில், சுடுகாடு ஆகிய யாவும் ஓர் எல்லைக்குள் அடங்கின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தமையால், எழுத்தறிவும் அந்த எல்லைக்குள்ளேயே கிட்டியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்குக் குரல் வராவிட்டால், ‘அவளுக்குக் காய்ச்சல் ஐயா’ என்று சொல்லப் பத்துப் பேர் இருந்தார்கள். எவர் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது அடுத்த வீட்டுக்குப் புகையின்மையாலேயே தெரிந்தது. அங்கே சாட்சிக்குப் பஞ்சமில்லை.

இவ்வாறு எழுதுவதைப் படித்துவிட்டு, தோட்ட வாழ்வைப் பொற்காலம் என்று நான் பாடுவதாக எவரும் கருதிவிடக் கூடாது. அறியப்படுதலுக்கு ஒரு விலை இருந்தது. கங்காணி ஒருவனை அறிந்திருந்தான் என்றால் அவன் பட்ட கடனையும் அறிந்திருந்தான். துரை அறிந்திருந்தார் என்றால், வேலையிலிருந்து நீக்கிய அதே நாளில் வீட்டிலிருந்தும் நீக்க அவரால் முடிந்தது. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது, வாய் திறந்து கூலி கேட்பவன் கூரையையும் பணயம் வைத்தே கேட்கின்றான். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பின்னரும் இவ்வச்சம் எளிதில் நீங்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த லயத்தில், எவர் எந்தச் சாதி என்பதும் மறவாமல் நினைக்கப்பட்டது. கணவனை இழந்த பெண் மறுமணம் செய்ய நினைத்தாலும், பதினாறு வயதுப் பெண் மேலே படிக்க நினைத்தாலும், அதனைத் தடுக்கும் கண்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. அவர்களுக்கு நகரம் ஒரு விடுதலை. யாரும் தம்மை அறியாத தெருவில் நடப்பதன் இன்பத்தை, யாவரும் அறிந்த தெருவில் வாழ்ந்தவரே உணர்வர்.

ஜெர்மானியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் 1903-ல் பெருநகர மனத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனையே விளக்கினார். நகரத்தார் ஒருவரையொருவர் கண்டும் காணாதவராய் ஒதுங்கி வாழ்கின்றனர். அவ்வொதுக்கம் சிற்றூரில் கிட்டாத விடுதலையைத் தனிமனிதனுக்குத் தருகின்றது. அவனே அக்கூட்டத்தின் நடுவில் எங்கும் காணாத தனிமையையும் உணர்கின்றான். பெர்லினைக் கண்டு எழுதியது ஈப்போவின் பேருந்து நிலையத்துக்கும் பொருந்துகின்றது.

ஆகவே நம் முன் உள்ள அறவினா இதுதான்: அறியும் ஆண்டைக்கும் அறியாத நகருக்கும் இடையே மனிதனுக்கு மூன்றாவது வழி உண்டா? நம்மை அறிந்திருந்தும் நம்மை ஆளாத ஒருவரை, ஆண்டையாக இல்லாத ஒரு சாட்சியை, புதிய ஊரில் எங்குத் தேடுவது?

இவ்வினாவை எழுப்பிப் பார்க்கவும் நம் மக்களுக்குப் பொழுது கொடுக்கப்படவில்லை. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். இத்துண்டாடலால் விளைந்த கேடுகளைப் பேராசிரியர் உங்கு அசிஸ் அன்றே ஆராய்ந்து எடுத்துரைத்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தொழிலாளர் தாமே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் பொருட்டு 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே கெடாவில் முதல் தோட்டம் வாங்கப்பட்டது. அம்முயற்சி காத்தது பலரை. காக்க முடியாமற் போனவர் அவரினும் பலர். பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆட்கள் வேண்டியதில்லை. அதன் பின்னர்ச் செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டம் கைமாறும்போது எழுதப்படும் பத்திரத்தில் ஏக்கர் கணக்கு இருக்கும். பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள் இரா.

அவ்வாறு புறப்பட்டோருள் பலர் வந்து சேர்ந்த இடம் ஈப்போ. மாநிலத் தலைநகரமே 1937-ல் தைப்பிங்கிலிருந்து பெயர்ந்து வந்த ஊர் அது. கிந்தா ஆற்றின் இருமருங்கும் ஈயத்தின் செல்வத்தால் எழுந்த நகரம். 1917-ல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வெண்மாடப் புகைவண்டி நிலையத்தைக் கண்டு வியவாதார் இல்லை. புதிதாய் வருவோன் வியக்கத் தக்கவை இன்னும் பல உள. கோவலனுக்கும் வியக்கத் தக்கவை பல இருந்தன.

நகரம் வந்தவனுக்கு முதலில் காட்டும் இடம், ஏற்கெனவே இருப்பவர்கள் வேண்டாமென்று விட்ட இடமாகவே பெரும்பாலும் இருக்கும். மலையடிவாரம், ஆற்றங்கரை, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டையின் ஓரம், புகைவண்டிப் பாதையின் ஓரம் ஆகிய இடங்களில் வாடகை குறைவு. ஏன் குறைவு என்பதை ஊரில் பழகியவன் அறிவான். வந்தவனுக்கு எவரேனும் சொன்னால்தான் உண்டு. 1973-ஆம் ஆண்டில் ஈப்போவின் குனோங் சீரோ சுண்ணாம்புக்கல் மலையில் ஒரு பெரும்பாறை பெயர்ந்து விழுந்து, அடிவாரத்து நெடுவீட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 40 பேரை நசுக்கியது. மலை அடிவாரத்தில் மலிவாகக் கிடைக்கும் கூரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது.

அதே நகரில் புந்தோங் என்னும் பகுதியையும் நோக்குவோம். கச்சாங் பூத்தே எனப்படும் கடலை, முறுக்கு வகைகளால் பெயர் பெற்ற குடியிருப்பு அங்குள்ளது. பெருமுதல் இன்றித் தொடங்கக்கூடிய தொழில் அது. ஆனால் நம்பிக்கை இன்றித் தொடங்கக்கூடியதன்று. மாவும் எண்ணெயும் கடனாகத் தரும் கடைக்காரர் ஒருவர் வேண்டும். வறுத்ததை நம்பிக் கொடுத்து, மாலையில் காசு வரும் என்று காத்திருக்கும் ஒருவர் வேண்டும். இத்தகைய தொழிலுக்குள் புதியவன் ஒருவன் நுழைய வேண்டுமானால், உறவு முறையோ பழைய ஊர்ப் பழக்கமோ அவனுக்காகப் பேச வேண்டும். தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் செல்லும்போது, சாலையோரத் தண்ணீர்ப் பந்தல்களில் ஒரு வினாவை அடிக்கடி கேட்கலாம்: “நீங்க எந்தத் தோட்டம்?” தோட்டம் அழிந்து வீடுகளாகி எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அவ்வினாவுக்கு விடை உண்டு. விடை சொன்ன மறுகணம், ‘அப்படியானால் இன்னாரைத் தெரியுமா?’ என்று பேச்சு நீளும். இவ்வுரையாடலை வெறும் பழங்கதை என்று இளைஞர்கள் எள்ளக் கூடாது. ஒருவர் மற்றொருவருக்குச் சாட்சியாகும் சடங்கு அங்கு நிகழ்கின்றது.

இதுவரை கூறியது மனிதச் சாட்சி. நகரம் அதனினும் மேலாக மதிப்பது காகிதச் சாட்சியை. தோட்டத்தில் கிராணியாரின் ஏட்டில் பெயர் இருந்தால் போதும். நகரத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதே பெரும்பாடு. அடையாள அட்டை இல்லாதவனுக்கு நேரிய வேலை கிட்டாது. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்னும் விதி 1969-ல் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அட்டை வைத்திருந்தோர் பலர் தாம் உழைத்த நாட்டிலேயே அயலாராகி, கப்பலேறித் தமிழகம் திரும்பினர். நீல அட்டைக்கு மனுச் செய்திருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. லயத்தில் இருந்தவருக்கு அட்டையின் நிறம் ஒரு நாள் சோற்றை நிறுத்தும் என்று முன்கூட்டியே சொல்லியவர் எத்தனை பேர்?

திருமணமும் அத்தகையதே. மாரியம்மன் சந்நிதியில் ஊரறியத் தாலி கட்டிய திருமணத்துக்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று நம் பெரியோர் நினைத்தனர். 1976-ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவு செய்யாத தம்பதியரின் குழந்தை தாயின் குடியுரிமையையே பெறும். தாய்க்கு அது இல்லையென்றால் குழந்தைக்கும் இல்லை. ஊர் முழுவதும் சாட்சியாக நின்ற ஒரு திருமணம், அலுவலக மேசையில் நடக்காத ஒன்றாகிவிடுகின்றது. பெயர்களின் எழுத்துப் பிழை வேறு. தமிழறியாத எழுத்தர் செவியில் விழுந்தபடி எழுதியதால், ஒரே தந்தையின் பெயர் அண்ணன் பத்திரத்தில் ஒருவகையாகவும் தம்பி பத்திரத்தில் வேறு வகையாகவும் அமைந்து, சொத்துப் பிரிக்கும்போது இருவரும் உடன்பிறந்தார்தாமா என்று கேட்கும் நிலை வரும். சேமநிதியையும் இங்கே சொல்லலாம். 1951 முதல் இந்நாட்டில் ஊழியர் சேமநிதி உண்டு. தோட்டத்தில் தன்னால் பிடிக்கப்பட்டு வந்த அத்தொகையை, நகரத்துச் சிறுகடையில் ‘பிடிக்காமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறேன்’ என்று முதலாளி சொல்லும்போது, அதனைச் சலுகை என்று எண்ணி மகிழ்பவர் உளர். முதலாளி கட்ட வேண்டிய பங்கும் அதனோடு மறைந்துபோவதை ஐம்பத்தைந்தாம் வயதில் கணக்குப் பார்க்கும்போதுதான் அறிகின்றனர்.

நகரம் நிலையானது என்பதும் ஒரு மயக்கம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி முடங்க, இலண்டன் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்து, கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. 1988-ல் ஈப்போவுக்கு மாநகர் என்னும் தகுதி கிட்டியபோது, அதன் இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தனர். மக்கள் பெயர்ச்சி பெரும்பாலும் சிறு சிறு படிகளாகவே நிகழும் என்றும், ஒருவர் விட்ட இடத்தைத் தொலைவிலிருந்து வருபவர் நிரப்புவர் என்றும் ரேவன்ஸ்டீன் என்னும் அறிஞர் 1885-ல் எழுதினார். தாத்தா தோட்டத்தில், தந்தை ஈப்போவில், மகன் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்று நம் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால் அவர் கூறியதன் உண்மை விளங்கும்.

இனி, அறிந்துகொள்ள வேண்டியவர் யார் என்னும் வினாவுக்கு வருவோம். போகின்றவன் அறிந்துகொள்ள வேண்டும் என்றே அறிவுரைகள் யாவும் கூறுகின்றன. தானே விரும்பிப் போகின்றவனுக்கு அது பொருந்தும். வெளியேறுமாறு கடிதம் வந்து, மூன்று திங்களுக்குள் லயத்தைக் காலி செய்பவனிடம் ‘நீ முன்பே அறிந்திருக்க வேண்டும்’ என்று கூறுவது அறமாகுமா? அறியும் கடமை அங்கே இடம் மாறுகின்றது. முன்பே வந்து, தெருவும் அலுவலகமும் விண்ணப்பத் தாளும் பழகியவர்களின் தோளில் அது வந்து அமர்கின்றது.

மீண்டும் மதுரைக்குச் சென்றால், அங்கே மாதரி இருக்கின்றாள். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகத் தந்தபோது, குலம் கேட்டாளில்லை; வாடகை கேட்டாளில்லை. தன் மகள் ஐயையைத் துணையாக்கி, புதுமனையில் இருத்தினாள். அடைக்கலம் பிழைத்துவிட்டதே என்று பின்னர் அவள் தீப்பாய்ந்தாள் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாய்மொழியாகக் கேட்கின்றோம். அரசனும் பொற்கொல்லனும் செய்த பிழைக்கு இடைக்குலப் பெண் ஒருத்தி தன்னைப் பொறுப்பாக்கிக்கொண்டாள். அவள் முடிவை நான் போற்ற வரவில்லை. வந்தவர் நலம் தன் பொறுப்பு என்று அவள் கொண்ட எண்ணத்தையே சுட்டுகின்றேன். ஆயினும் அவளாலும் ஒன்று இயலவில்லை. வீடு தந்தாள், கடைத்தெருவுக்கு உடன்செல்ல ஓர் ஆளைத் தரவில்லை.

நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இச்செய்தியில் தனிப்பங்கு உண்டு. 1957-ல் நாட்டில் 880-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530 அளவில். ஆள் குறைந்த தோட்டங்களின் பள்ளிகள் சில, தம் உரிமத்தோடு நகர்ப்புறங்களுக்குப் பெயர்க்கப்பட்டன. பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கிக்கொண்டு வீடமைப்புப் பகுதியின் நடுவில் நிற்கும் பள்ளியைக் காணும்போது, மக்களுக்கு இயலாதது பள்ளிக்கு இயன்றதே என்று தோன்றும். பெயரோடு பெயர்ந்தது அது ஒன்றே. ஆண்டுத் தொடக்கத்தில் பத்திரமில்லாத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கு வந்து நிற்கும் தாயை, ‘பத்திரம் கொண்டு வா’ என்று திருப்பி அனுப்புவதற்கும், பதிவு அலுவலகத்துக்கு அவளுடன் ஒருவரை அனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுள் பலர் தம் விடுமுறை நாள்களை அத்தகைய வரிசைகளிலேயே கழித்தவர்கள்.

ரேவன்ஸ்டீன் சொன்னதன் மறுபாதி எஞ்சியிருக்கின்றது. நம்மவர் விட்டு வந்த தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுவோருள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுடைய கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்; வழக்கத்தில் அது நின்றபாடில்லை. விடியுமுன் அங்கே பெயர் கூப்பிடுகின்றார்கள். கூப்பிடும் கிராணியார் சில தோட்டங்களில் இன்றும் தமிழரே. அவருடைய ஏட்டில் அப்பெயர்கள், அவர் செவியில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கின்றன.